கார் பெருத்தது, தெரு சிறுத்தது! தண்ணீர் லாரி நுழைய முடியாமல் திணறும் சென்னை தெருக்கள்

சென்னை:-

தெரு அதே தெருதான். வீடுகளும் அதே வீடுகள்தான். ஆனால் தண்ணீர் லாரி மட்டும் முன்பு போல உள்ளே வருவதில்லை. முனையிலேயே நின்று ஹாரன் அடிக்கிறது. டிரைவர் இறங்கி வந்து, "இது யாரோட வண்டி?" என்று வீடு வீடாகக் கேட்கிறார். வண்டிக்காரர் ஆபீசுக்குப் போயிருப்பார், அல்லது மாடியில் தூங்கிக்கொண்டிருப்பார். குடத்தோடு நிற்கும் பெண்கள் வெயிலில் காய்கிறார்கள்.

திருவல்லிக்கேணி, புரசைவாக்கம், பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று குறுகலான தெருக்கள் உள்ள எந்த ஏரியாவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கார்கள் அதிகமாகிவிட்டன என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. கார்கள் எண்ணிக்கையில் மட்டும் பெருகவில்லை. ஒவ்வொரு காரும் உடம்பிலும் பெருத்துவிட்டது. எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் உயரமான, அகலமான பெரிய வண்டிகள்தான் இப்போது விற்பனையில் சக்கைப்போடு போடுகின்றன.

2024-25 நிதி ஆண்டில் இந்தியா முழுவதும் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 43 லட்சம். அதில் எஸ்.யு.வி. உள்ளிட்ட பெரிய ரகம் மட்டும் சுமார் 28 லட்சம். அதாவது விற்கும் 100 கார்களில் 65 கார்கள் இந்த ரகம். ஒரு காலத்தில் குட்டிக் கார் நாடு என்று பெயர் வாங்கிய நாடு இது.

20 அடி தெருவில் ஒரு கணக்கு

இதன் பாதிப்பு என்ன என்று புரிந்துகொள்ள இஞ்ச் டேப் ஒன்று போதும்.

1983-ல் வந்த மாருதி 800 காரின் அகலம் 1.44 மீட்டர். அதாவது 4¾ அடி. 20 அடி அகலமுள்ள ஒரு தெருவில் இரண்டு பக்கமும் மாருதி 800 நின்றால், நடுவில் சுமார் 10½ அடி வழி இருக்கும். தண்ணீர் லாரியின் அகலம் சுமார் 8 அடி. தாராளமாக உள்ளே வந்து போகலாம்.

இப்போது அதே இடத்தில் மகிந்திராவின் ஸ்கார்பியோ-என் வண்டியை நிறுத்திப் பாருங்கள். அதன் அகலம் 1.917 மீட்டர். கிட்டத்தட்ட 6¼ அடி. இதில் பக்கக் கண்ணாடிகள் சேர்த்தி இல்லை. இரண்டு பக்கமும் நின்றால் நடுவில் மிஞ்சுவது 7½ அடிக்கும் குறைவு. 8 அடி லாரி 7½ அடி சந்தில் எப்படி நுழையும்?

இத்தனைக்கும் வண்டிகள் சுவரோடு ஒட்டி நிற்கின்றன என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. உண்மையில் யாரும் அப்படி நிறுத்துவதில்லை. கதவைத் திறக்க அரை அடி, சாக்கடை மூடிக்கு அரை அடி என்று விட்டுத்தான் நிறுத்துவார்கள். அப்புறம் ஆம்புலன்ஸ் வேன் கூட கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஊர்ந்துதான் வர வேண்டும். தீயணைப்பு வண்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். அதுவும் லாரி சைஸ்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாடு கட்டிட விதிகளின்படி ஒரு கார் நிறுத்தும் இடம் 2½ மீட்டருக்கு 5 மீட்டர் இருக்க வேண்டும். சதுர அடியில் சொன்னால் சுமார் 135. பத்துக்குப் பன்னிரண்டு ரூம் என்று வாடகைக்கு விடுகிறார்களே, அது 120 சதுர அடி. அதாவது ஒரு கார் தூங்க ஒதுக்கும் இடம், சென்னையில் ஒரு குடும்பமே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழும் ரூமைவிடப் பெரிசு. ரூமுக்கு மாதாமாதம் வாடகை, அட்வான்ஸ். தெருவில் நிற்கும் காருக்கு வாடகை கிடையாது.

அந்த 135 சதுர அடியிலும் டொயோட்டா பார்ச்சூனர் மாதிரி வண்டி நெருக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதன் நீளம் 4.8 மீட்டர். முன்னும் பின்னும் சேர்த்து மிச்சம் 20 சென்டி மீட்டர்தான். அதனால்தான் அடுக்குமாடி வீடுகளில் கீழே பார்க்கிங் இருந்தும் பலபேர் வண்டியைத் தெருவில் விடுகிறார்கள்.

4 மீட்டர் சங்கதி

கார் ஏன் இப்படிப் பக்கவாட்டில் பெருத்தது? இதற்குப் பின்னால் ஒரு வரி சங்கதி இருக்கிறது.

2006-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், அப்போதைய நிதி மந்திரி ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்ஜின் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். நடுத்தரக் குடும்பம் சின்ன கார் வாங்கட்டும், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்பது.

ஆனால் அந்த விதியில் நீளத்துக்குக் கணக்கு உண்டு. அகலத்துக்கும் உயரத்துக்கும் கணக்கு இல்லை.

கார் கம்பெனிகள் சும்மா இருக்குமா? நீளத்தை 3,995 மில்லி மீட்டரில் நிறுத்தின. 4 மீட்டருக்கு வெறும் 5 மில்லி மீட்டர் கம்மி. அகலத்தையும் உயரத்தையும் ஏற்றிக்கொண்டே போயின. டாட்டா நெக்சான் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 3,995 மி.மீ., அகலம் 1,804 மி.மீ. மந்திரிகளும் கலெக்டர்களும் போன பழைய அம்பாசடர் காரின் அகலம் சுமார் 5½ அடி. சட்டப்படி 'சிறிய கார்' ஆன நெக்சான் அதைவிட ஏறக்குறைய அரை அடி அகலம். மாருதி பிரெஸ்சா, ஹூண்டாய் வெனியூ எல்லாம் இதே 3,995 கதைதான்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இந்த 4 மீட்டர் கணக்கு அப்படியே தொடர்ந்தது. 4 மீட்டரைத் தாண்டிய பெரிய எஸ்.யு.வி.களுக்கு வரியும் செஸ்சும் சேர்த்து 50 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் அது 40 சதவீதமாகக் குறைந்தது. சிறிய கார்களுக்கு 18 சதவீதம். இதனால் குட்டிக் கார்களின் விலை குறைந்தது உண்மை. ஆனால் உயரமாகவும் அகலமாகவும் இருந்து நீளத்தில் மட்டும் 4 மீட்டருக்குள் அடங்கிய வண்டிகளுக்கும் அதே 18 சதவீத சலுகைதான் கிடைத்தது.

தெருவில் எதிரே வருபவனுக்குக் காரின் நீளத்தால் பெரிய தொந்தரவு இல்லை. அகலத்தால்தான் தொந்தரவு. அளக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ அளந்ததுதான் இங்கே நடந்த கூத்து.

சான்ட்ரோ முதல் கிரெட்டா வரை

சென்னைக்குப் பக்கத்திலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் 1998-ல் வெளிவந்த முதல் கார் சான்ட்ரோ. அகலம் 1.495 மீட்டர். அதே தொழிற்சாலையில் இருந்து 2015-ல் வந்தது கிரெட்டா. இப்போதைய கிரெட்டாவின் அகலம் 1.79 மீட்டர். ஒரே ஊர் தொழிற்சாலையில் கார் ஒரு அடி அகலமாகிவிட்டது.

மறைமலைநகரில் போர்டு கம்பெனி தயாரித்த எக்கோஸ்போர்ட் 2013-ல் வந்தபோது புக்கிங்குக்குக் கூட்டம் அலைமோதியது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரகடத்தில் இருந்து ரெனோ டஸ்டர் வந்தது. எஸ்.யு.வி. மோகத்தை நடுத்தரக் குடும்பத்துக்குள் கொண்டுவந்ததில் இந்த இரண்டு வண்டிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. போர்டு கம்பெனி 2021-ல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு சென்னை ஆலையில் வேலை நின்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. ஆகவே பெரிய கார் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. இந்த வண்டிகளை வெல்டிங் செய்து, பெயிண்ட் அடித்து, பஸ் பிடித்து ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர் ஆட்கள். அவர்களில் பலர் வீடு திரும்புவது டூவீலரில்.

கம்பெனிகளுக்கு எஸ்.யு.வி. மேல் இத்தனை பாசம் ஏன் என்றால், லாபம்தான். சின்னக் காரில் கிடைக்கும் லாபத்தைவிட பெரிய வண்டியில் கிடைக்கும் லாபம் அதிகம். அதனால்தான் விளம்பரம் முழுக்க மலை, பாலைவனம், ஆறு என்று ஓடுகிறது. வாங்கியவர் போவதென்னவோ தி.நகருக்கும் கோயம்பேட்டுக்கும்தான்.

வாங்குகிறவர் சொல்லும் நியாயம்

வாங்குகிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் காரணம் நம்ம ரோடு. பள்ளம், மேடு, இஷ்டத்துக்குப் போட்ட வேகத்தடை. தாழ்வான கார் என்றால் அடிவயிறு தட்டும்.

இரண்டாவது மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கார்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்து மீண்டும் அதே பாடு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஊரே சிரித்தது. ஆனால் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து லட்சக்கணக்கில் செலவழித்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். அப்படிப்பட்டவர் அடுத்த வண்டியை உயரமாகத்தானே பார்ப்பார்?

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. முழங்கால் தண்ணீரில் உயரமான வண்டி சீறிக்கொண்டு போகிறது. அது கிளப்பும் அலை யார் வீட்டுக்குள் போகிறது? ரோட்டு மட்டத்தைவிடத் தாழ்ந்த வாசல் உள்ள வீடுகளுக்குள். பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் டூவீலர்காரர் மேல். காருக்குள் இருப்பவர் நனைவதில்லை.

மூன்றாவது, கெத்து. இதை ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு. 1990-களில் வந்த டாட்டா சுமோவும் 2000-ல் வந்த குவாலிசும் பெரிய வண்டிகள்தான். ஆனால் அவற்றில் எட்டுப் பேர், பத்துப் பேர் ஏறினார்கள். கல்யாண கோஷ்டி, சபரிமலை கோஷ்டி, கால் சென்டர் ஊழியர்கள் என்று வண்டி நிறைந்து போனது. பெரிய வண்டி என்றால் நிறைய ஆட்கள் என்று அர்த்தம் இருந்தது. இன்று சிக்னலில் நிற்கும் 7 சீட்டு வண்டிக்குள் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒருத்தர். மிஞ்சிப்போனால் இரண்டு பேர்.

2017 மே 1-ந்தேதி முதல் வி.ஐ.பி. கார்களில் சிவப்பு விளக்கு கூடாது என்று உத்தரவு வந்தது. விளக்கு போனது. அதன் இடத்தை வெள்ளைக் கலர் பெரிய வண்டி பிடித்துக்கொண்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. கட்சிக் கரை வேட்டியும் வெள்ளை எஸ்.யு.வி.யும் சேர்ந்து வந்தால் டோல்கேட்டில் கூட வழி தனியாகப் பிறக்கிறது.

அடிபடுவது யார்?

தண்ணீர் லாரி நிற்பதும் தெரு நெருக்கடியும் ஒரு பக்கம். உயிர் விஷயம் இன்னொரு பக்கம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இவர்களில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். ஆக, இறந்த 100 பேரில் 64 பேருக்குச் சுற்றிலும் இரும்பும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. 64 ஆயிரத்து 105 விபத்துகள். 17 ஆயிரத்து 884 உயிர்கள்.

இவை எல்லாம் பெரிய காரால் நடந்தவை அல்ல. லாரி, பஸ், டூவீலர் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. குடிபோதைக்கும் வேகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மோதுகிற கார் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அடிபட்டவர் பிழைப்பதும் பிழைக்காததும் மாறுகிறது என்பது ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம்.

எப்படி என்று பார்ப்போம். தாழ்வான கார் ஒருவர் மேல் மோதினால் பம்பர் முதலில் காலில் படும். கால் உடையும். ஆள் மடங்கி பானெட் மேல் விழுவார். அடி பலமாக இருந்தாலும் பிழைக்க வழி உண்டு. எஸ்.யு.வி.யின் முகம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அது மோதுவது இடுப்பில், வயிற்றில், மார்பில். முக்கியமான உறுப்புகள் எல்லாம் இருக்கும் இடம் அது. ஆள் பானெட் மேல் விழுவதற்குப் பதிலாக முன்னால் தூக்கி வீசப்படுவார். அப்புறம் வண்டி அவர் மேலேயே ஏறும் ஆபத்தும் இருக்கிறது.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் 2023-ல் இதை ஆராய்ந்தது. பானெட் முனை 40 இஞ்சுக்கு மேல் உயரமாக உள்ள வண்டிகள் மோதினால், 30 இஞ்சுக்குள் உயரமும் சரிவான முகமும் உள்ள கார்களைவிட, பாதசாரி சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. 40 இஞ்ச் என்பது சுமார் 1 மீட்டர். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அடி விழுவது எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் ராஜா மாதிரி தூரத்தில் எல்லாம் தெரியும். வண்டிக்கு மிக அருகில், முன் பக்கம் கீழே இருப்பது மட்டும் தெரியாது. வீட்டு வாசலில் விளையாடும் குழந்தைகள் அந்த மறைவில்தான் இருப்பார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதே கதை. பின்பக்கக் கேமரா உள்ள வண்டிகளில் கொஞ்சம் தேவலை. முன்பக்கத்துக்குப் பெரும்பாலான வண்டிகளில் கேமரா கிடையாது.

எடையையும் பாருங்கள். கிராமத்திலும் நகரத்திலும் ஓடும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் எடை 90 கிலோவுக்குள். பார்ச்சூனர் மாதிரி வண்டியின் எடை 2 ஆயிரம் கிலோவுக்கு மேல். இரண்டும் ஒரே ரோட்டில், ஒரே சிக்னலில்.

ராத்திரி நேரத்தில் இன்னொரு தொல்லை. வண்டி உயரமாக இருப்பதால் ஹெட்லைட்டும் உயரத்தில் இருக்கிறது. எதிரே வரும் டூவீலர்காரரின் கண்ணுக்கு நேராக வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் அடிக்கிறது. இரண்டு விநாடிக்கு ஒன்றும் தெரியாது. கிழக்கு கடற்கரை சாலையிலும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு இந்த இரண்டு விநாடி நன்றாகத் தெரியும்.

கம்பி வைத்தால் குற்றம்

காரின் முன்னால் பெரிய இரும்புக் கம்பி மாட்டிக்கொள்ளும் பழக்கமும் எஸ்.யு.வி.யோடு சேர்ந்து வந்ததுதான். பம்பருக்கு அடி படாமல் இருக்க என்பார்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இந்தக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று சொன்னது. பாதசாரிக்கு ஆபத்து என்பது மட்டும் இல்லை. மோதல் நடந்தால் அதை உணர்ந்து ஏர்பேக் விரிய வேண்டும். கம்பி அதைக் குழப்பிவிடும். அதாவது உள்ளே இருப்பவர் உயிருக்கும் அது உலைதான். உத்தரவு வந்த புதிதில் போலீசார் ரோட்டில் நிறுத்திக் கழற்றினார்கள். அப்புறம் வேகம் குறைந்தது. கம்பிகள் மெல்லத் திரும்பி வந்தன.

கண்ணாடியில் கருப்பு பிலிம் ஒட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2012 ஏப்ரலில் சொன்னது. அதுவும் இதே கதிதான்.

18 வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்புகிற அப்பாக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 2019-ல் திருத்திய சட்டப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயிலும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. இது பெரிய காருக்கு மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டி கொடுத்து அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

'நாங்கள்தான் வரி கட்டுகிறோமே'

பெரிய கார் வைத்திருப்பவர்களிடம் பேசினால் கடைசியில் வந்து நிற்கும் வாதம் இது. வரி அதிகம் கட்டுவது நிஜம். 40 சதவீதம் ஜி.எஸ்.டி. தவிர, தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் சாலை வரியும் உயர்ந்தது. 10 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்கு 18 சதவீதம். அதற்கு மேல் 20 சதவீதம்.

ஆனால் இந்த வரி பார்ப்பது காரின் விலையை. அகலத்தையோ எடையையோ அல்ல. 20 லட்சம் ரூபாய்க்குத் தாழ்வான கார் வாங்கினாலும் ஒரே வரி, தெருவை அடைக்கும் கார் வாங்கினாலும் ஒரே வரி. அப்படி வந்த பணம் அரசு கஜானாவுக்குப் போகிறது. குடத்தோடு காத்து நிற்கும் தெருவுக்கு அதில் தனியாக ஒன்றும் வருவதில்லை. பார்க்கிங் கட்டணத்திலும் கார் என்றால் கார்தான். குட்டிக் காருக்கும் பெரிய காருக்கும் வித்தியாசம் கிடையாது.

பெட்ரோல், டீசல் விஷயமும் உண்டு. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. பெரிய வண்டி அதிகம் குடிக்கும். சர்வதேச எரிசக்தி முகமை சொன்ன கணக்குப்படி 2023-ல் உலகத்தில் ஓடும் எஸ்.யு.வி.கள் கக்கிய கரியமில வாயு 100 கோடி டன்னைத் தாண்டியது. எல்லா எஸ்.யு.வி.களையும் சேர்த்து ஒரு நாடாக நினைத்தால், புகை விடுவதில் உலகத்தில் ஐந்தாவது இடம்.

ஜப்பானும் பாரீசும்

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? ஜப்பானில் கெய் கார் என்று ஒரு ரகம். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சி.சி. இவற்றில் எதைத் தாண்டினாலும் சலுகை கிடையாது. அங்கே அகலத்துக்கும் கணக்கு வைத்தார்கள். நம்ம மாருதி 800-ம் சுசுகி கம்பெனியின் அந்தக் குட்டிக் கார் குடும்பத்தில் பிறந்த பிள்ளைதான். அங்கே இன்னொரு சட்டமும் 1962-ல் இருந்து இருக்கிறது. கார் வாங்க வேண்டும் என்றால், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசில் சான்று வாங்க வேண்டும். இடம் இல்லை என்றால் கார் இல்லை. மிகச் சிறிய கார்களுக்கு இதில் சலுகை உண்டு.

பிரான்சு நாட்டில் பாரீஸ் நகரத்தில் 2024 பிப்ரவரியில் இதற்காகவே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. வந்தவர்களில் 54.5 சதவீதம் பேர் பெரிய கார்களுக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்கு ஆக்கச் சம்மதித்தனர். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. 1.6 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வெளியூர் வண்டி நகரின் நடுப்பகுதியில் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு 18 யூரோ. நம்ம பணத்துக்கு ஆயிரத்து 600 ரூபாய்க்கு மேல். உள்ளூர்வாசிகள் தங்கள் ஏரியாவில் நிறுத்த இந்தக் கட்டணம் இல்லை.

சென்னையில் அப்படி ஓட்டெடுப்பு நடந்தால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். இங்கே இருக்கிற சட்டமே போதுமானதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவின்படி மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படும்படி வண்டியை நிறுத்தக் கூடாது. 127-வது பிரிவின்படி பொது இடத்தில் 10 மணி நேரம் கேட்பாரற்று நின்ற வண்டியையும், நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நின்ற வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழி விடாமல் ஓட்டினால் 194-இ பிரிவில் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் சேர்ந்து.

தெருவில் வழியை அடைத்து நிற்கும் வண்டி பற்றி யார் வேண்டுமானாலும் போலீசில் புகார் செய்யலாம். நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு சிக்கல். இழுத்துச் செல்ல வரும் மீட்பு வண்டியும் அதே தெருவுக்குள்தான் நுழைந்தாக வேண்டும்.